மலைச்சரிவின் மண்ணும் அரசாங்கப் பணமும்

மகாவலி கங்கை இலங்கையின் மிக நீண்ட ஆறாகும். மத்திய மலைநாட்டிலே ஊற்றெடுத்து, ஏறக்குறைய 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. மலையிலே உருளைக்கிழங்கு பயிரிடும் கமக்காரரும், அல்லைக் குடியேற்றத் திட்டத்திலே நெல் விளைவிக்கும் கமக்காரரும் ஒருவரையொருவர் கண்டிரார். ஆயினும், மேலேயுள்ளவர் தமது காணியின் மண்ணை எவ்வாறு வைத்திருக்கின்றார் என்பது கீழேயுள்ளவரின் வாய்க்கால் நீரைப் பெரிதும் பாதிக்கின்றது. மலைச்சரிவின் மண்ணைக் காப்பதற்கு அரசாங்கம் ஏன் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும் என்னும் வினாவுக்கு விடை இவ்விருவரின் தொடர்பிலேயே உள்ளது.

மூடாக்கின்றிக் கிடக்கும் மண்ணின்மேல் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைத்து, நுண்ணிய துகள்களாக்குகின்றது. அத்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்துக் கொள்வதால் நீர் உள்ளே இறங்காது மேலே ஓடுகின்றது. ஓடும்போது மண்ணையும் கொண்டு செல்கின்றது. மத்திய மலைநாட்டிற் செய்யப்பட்ட அளவீடுகளின்படி, காப்பு முறையெதுவுமின்றிப் புகையிலை பயிரிடப்பட்ட சரிவான நிலத்தில் ஹெக்டேயரொன்றுக்கு ஆண்டுதோறும் 70 தொன் மண்வரையில் அரிக்கப்பட்டது. கரட் பயிரிட்ட நிலத்தில் அது 18 தொன்னாகவும், காப்பின்றி விடப்பட்ட பழைய விதைத் தேயிலை நிலத்தில் 40 தொன்னாகவும் இருந்தது. பலா, மிளகு, கோப்பி, வாழை முதலியன அடுக்கடுக்காக நிற்கும் கண்டிய வீட்டுத் தோட்டத்திலோ அரிப்பு ஒரு தொன்னின் இருபதிலொரு பங்கேயாம்.

70 தொன் என்பது எத்துணையென்று எளிதிற் கணக்கிடலாம். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள மண் ஏறத்தாழ 13 தொன் நிறையுடையது. எனவே ஆண்டொன்றில் ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மேல்மண் போய்விடுகின்றது. அழுகிய இலைகுழைகளின் சத்தும், கமக்காரர் காசு கொடுத்து வாங்கி இட்ட பசளையும் இருப்பது இந்த மேல்மண்ணிலேதான். இழந்த தடிப்பை இயற்கை மீண்டும் உண்டாக்க ஒரு மனிதனின் ஆயுட்காலம் போதாது.

அம்மண் போய்ச் சேருமிடம் எது? கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லை அணை 1976 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மகாவலி நீரைச் சுரங்கவழியாக உக்குவளை மின்னிலையத்துக்கும், அங்கிருந்து வடமத்திய மாகாணத்துக் குளங்களுக்கும் திருப்புவது அதன் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1988 ஆம் ஆண்டளவில், அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 வீதம் சேற்றினால் நிரம்பிவிட்டதென மதிப்பிடப்பட்டது. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை ஆகிய நீர்த்தேக்கங்களும் இதே ஆற்றின் நீரையும் வண்டலையுமே பெறுகின்றன. அணைகளைக் கட்டுதற்கு நாடு பெருங்கடன் பட்டது. சேறு சேருந்தோறும் அக்கடனாற் கிடைத்த பயனில் ஒரு பகுதி அழிகின்றது. சேற்றைத் தோண்டியெடுத்தல் செலவு மிக்கது. தோண்டிய சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டுதற்கு இடமும் வேண்டும். மண்ணை அது கிடந்த காணியிலேயே நிறுத்தி வைப்பதே மலிவான வழியாகும்.

இவ்வுண்மை புதிதன்று. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவொன்று 1931 ஆம் ஆண்டிலேயே அறிக்கை சமர்ப்பித்தது. 1947 ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் மண்சரிவுகளும் மலைநாட்டை உலுக்கிய பின்னர், 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அரிப்புக்குட்படக்கூடிய பிரதேசங்களை வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யவும், காணிச் சொந்தக்காரர் கைக்கொள்ள வேண்டிய காப்பு முறைகளை விதிகளாக வகுக்கவும் அச்சட்டம் அதிகாரமளிக்கின்றது. 1996 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உவர்த்தன்மை, நீர் தேங்கல், வறட்சி ஆகியவற்றால் நிலம் கெடுவதையும் இதன் எல்லைக்குட் கொணர்ந்தது. ஆயினும் சட்டம் கற்கட்டுக் கட்டாது. கற்களைச் சுமப்பதற்கும் அடுக்குவதற்கும் கூலி வேண்டும். அரை ஏக்கர் மரக்கறித் தோட்டத்தை நம்பி வாழ்பவர் அச்செலவு முழுவதையும் தாமே ஏற்க வேண்டுமெனக் கேட்பது நியாயமன்று; அவர் கட்டும் கற்கட்டின் பயனில் ஒரு பங்கு உக்குவளை மின்னிலையத்துக்கும் கொட்டியாரத்து வயலுக்கும் போகின்றதன்றோ? மானியத்தின் அடிப்படை இதுவே. அதனை இரந்து பெறும் தருமமென ஒருவரும் கருதவேண்டியதில்லை.

பணம் எவ்வழியாக வருகின்றதென்பதைக் கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று. ஒவ்வோராண்டும் பாராளுமன்றம் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் விவசாயத் திணைக்களத்துக்கும், வனபரிபாலனத் திணைக்களத்துக்கும், வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் தனித்தனித் தலைப்புகள் உண்டு. ஒவ்வொரு தலைப்பிலும் செலவு இருவகைப்படும். கட்டுவதற்கும் வாங்குவதற்கும் உரியது மூலதனச் செலவு. சம்பளம், பயணம், பராமரிப்பு முதலியன மீண்டெழும் செலவு. இப்பிரிவு கணக்குக்கு ஏற்றதெனினும் மண்காப்பு வேலைக்கு இடைஞ்சலாக நிற்கின்றது. புதிய கற்கட்டுக்கு மூலதனப் பணம் கிடைத்துவிடும். மூன்றாவது மழையிற் சரிந்த இரண்டு கற்களை எடுத்து வைப்பதற்கும், மண்டிய கானைத் துப்புரவாக்குவதற்கும், போதனாசிரியர் ஆண்டுக்கிருமுறை வந்து பார்ப்பதற்கும் பணம் கிடைப்பது அரிது. வெளிநாட்டு உதவியோடு நடக்கும் திட்டங்களிலும் இக்குறை உண்டு. திட்டக்காலம் முடிந்ததும் வாகனமும் உத்தியோகத்தரும் போய்விட, கற்கட்டுக் கமக்காரரிடம் எஞ்சுகின்றது. பராமரிப்பை அவர் தமதென்று ஏற்றுக்கொண்ட இடங்களில் அது நிலைக்கின்றது. ஏனைய இடங்களில் ஓரிரு போகத்துட் புல் மூடிவிடுகின்றது.

காலமும் ஒத்துவருவதில்லை. ஒதுக்கீடு ஆண்டின் இறுதி நாளோடு காலாவதியாகும். அனுமதி பெற்றுப் பணம் மாவட்டத்தை அடையச் சில மாதங்கள் கழிந்துவிடுமாதலால், எஞ்சிய பணத்தைச் செலவிடும் அவசரம் ஐப்பசி, கார்த்திகையிலே வருகின்றது. பதுளை, வெலிமடைப் பகுதிகளில் அது பெருமழைக் காலம். ஈரமண்ணை வெட்டிக் கட்டிய கற்கட்டு அவ்வாண்டு மழையிலேயே சரிவதிற் புதுமையில்லை. அப்பகுதிகளில் ஆடி, ஆவணியும், மேற்குச் சரிவுகளில் தை முதல் மாசி வரையுமே இவ்வேலைக்கு உகந்த உலர்காலமாகும். வேலையின் காலத்தைக் கணக்கேட்டின் காலம் நிச்சயிப்பது சரியான முறையன்று.

ஒப்புநோக்குக்கு இரண்டு மானியங்களைக் காட்டலாம். 1962 ஆம் ஆண்டில் உரமானியம் தொடங்கப்பட்டது; பின்னாளில் அதற்காகப் பல ஆண்டுகள் கோடிக்கணக்கான ரூபா செலவிடப்பட்டது. காப்பில்லாத சரிவில் இட்ட உரத்திற் கணிசமான பங்கு மேல்மண்ணோடு ஆற்றுக்குப் போகின்றதாதலின், அரசாங்கம் ஒரு கையாற் கொடுத்ததை மழை மறு கையாற் பறித்துக்கொண்டது எனலாம். 1950களின் இறுதியில் ஆரம்பித்த தேயிலை மீள்நடுகை மானியமோ வேறுவகையானது. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்திற் குவாத்தமாலாப் புல் அல்லது மானாப் புல்லை நட்டு மண்ணைத் தேற்றுவதும் கான் வெட்டுவதும் மீள்நடுகையின் படிகளாயின. வேலையைப் பரிசோதித்த பின்னரே பணம் தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது. மரக்கறி நிலத்தின் மண்காப்பு மானியத்துக்கும் இம்முறையே ஏற்றது: கட்டி முடிந்ததும் ஒரு பங்கு, ஒரு மழைக்காலத்தைத் தாங்கிய பின்னர் மறுபங்கு.

கமக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. நுவரெலியாப் பகுதியிற் பாத்திகளைச் சரிவுக்கு நேராக மேலிருந்து கீழாக அமைப்போர் அறியாமையாற் செய்வதில்லை. நீர் தேங்கினாற் கிழங்கு அழுகும் என்னும் அச்சத்தாலேயே அவ்வாறு செய்கின்றனர். அவர்களிடம் பாத்தியைக் குறுக்கே போடுமாறு சொல்வதற்கு முன்னர், மிகையான நீரை மெல்ல வெளியேற்றும் கானுக்கு வழி காட்ட வேண்டும். ஒரு போகத்துக்குக் குத்தகையாக நிலம் எடுத்தவரும் இருபது ஆண்டு நிற்கும் கற்கட்டைக் கட்ட முன்வரார். அங்கே மானியத்தைக் குத்தகைக்காரரிடமன்றிக் காணிச் சொந்தக்காரரிடம் பேசுவதே பயன் தரும்.

மானியம் வருமுன்னரே செய்யத்தக்க வேலையும் உண்டு. இரண்டு மீற்றர் நீளமுள்ள இரு கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குக் கழி பொருத்தி, உச்சியிலிருந்து கயிற்றிற் கல் தொங்கவிட்டால் சமவுயரக் கோடு பிடிக்கும் கருவி ஆயத்தமாகும். இரு கால்களும் நின்ற இடங்களிற் குச்சி நாட்டி, கயிறு குறுக்குக் கழியைத் தொடுமிடத்தைக் குறித்து, பின்னர் கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறிக்க வேண்டும். இரு குறிகளுக்கும் நடுவே கயிறு நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. இவ்வாறு சரிவின் குறுக்கே நடந்து குறித்த கோட்டில், மத்திய உயரங்களிற் சீமைக்கிளுவைத் தடிகளை இரட்டை வரிசையாக நெருக்கி நடலாம். அது நன்கு வளராத குளிர்ந்த உயர்நிலங்களுக்கு வெட்டிவேர் போன்ற புல் வரிசை நன்று. சரிவு கூடுந்தோறும் வரிசைகள் நெருங்க வேண்டும். வெட்டிய குழைகளைப் பாத்தியில் மூடாக்காக இடுக.

மண்காப்பு உதவி வேண்டுவோர் உலர்காலம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்னரே தமது பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவித்தல் நன்று. காணியின் பரப்பு, உரிமைப் பத்திரம், பயிர், நீர் வெளியேறும் பக்கம் ஆகிய விபரங்களைக் கொண்டு செல்க. ஒரே சரிவில் அடுத்தடுத்துள்ள காணிக்காரர் சேர்ந்து கேட்பின் கான்களை ஒன்றோடொன்று பொருத்தி, மிகைநீரைப் பொதுவான ஓடையொன்றுக்கு விடலாம். மேலேயுள்ளவர் வெட்டிய கானின் நீர் கீழேயுள்ளவரின் பாத்தியில் விழுந்து வழக்கு உண்டாவதையும் அது தவிர்க்கும்.