கீபோர்டை மாற்றும் முன் நாற்காலியைப் பாருங்கள்

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பனியன் கம்பெனிகளின் பில்லிங் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் அன்றாட வேலை. சென்ற ஆண்டு ஓவர்லாக் டெய்லர் ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாப்பா ஒரு எழுத்து அடிச்சா பத்து எழுத்து விழுதுங்க. கீபோர்டை மாத்திக் குடுங்க" என்றார்.

பாப்பாவுக்கு வயது 11. செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம். வீட்டுப் பாடத்தை அவள் சொல்லச் சொல்ல அம்மா எழுதித் தருவார். செக்கிங் வேலையில் அம்மாவுக்கு நைட் ஷிப்ட் வந்தால் அன்று நோட்டு காலி. தானே டைப் செய்து பிரிண்ட் எடுத்துப் போக வேண்டும் என்பது அவள் ஆசை.

புது கீபோர்டு போட்டுக் கொடுத்தேன். பலனில்லை. பிறகு பெரிய மவுஸ் ஒன்று வாங்கச் சொன்னேன். அதுவும் வீண் செலவு. கடைசியில் வீட்டுக்கே போனேன். அங்கே வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் கீபோர்டைப் பார்க்கவே இல்லை. "கால் தரையில படலை பாருங்க" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினருக்குத் தசை இறுக்கம் உண்டு. குற்றம் தசையில் தொடங்குவதில்லை. தசையை அடக்கி வைக்கும் மூளையின் கட்டளை சரியாக வந்து சேர்வதில்லை. கார் சீட் பெல்ட்டை நினைத்துக் கொள்ளுங்கள். மெதுவாக இழுத்தால் வரும். வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். இந்தத் தசையும் அப்படியே. கால் தொங்கினால் உடம்பு விழாமல் இருக்கவே குழந்தை முழு பலத்தையும் செலவிடுகிறது. அந்த முயற்சியில் கையும் சேர்ந்து இறுகுகிறது. விரல் கீயை விட்டு எழ மறுக்கிறது. எழுத்து பத்தாக விழுகிறது!

எனவே முதல் வேலை நாற்காலி. பாதம் முழுதும் படியும்படி பலகை வைத்தோம். இடுப்பும் முழங்காலும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். இடுப்பின் இருபுறமும் பனியன் வேஸ்ட் அடைத்த உருளைத் தலையணைகள். மேஜை முழங்கை உயரம். கீபோர்டு நகராமல் அடியில் ரப்பர் ஷீட்.

அடுத்தது நம் வேலை. இதற்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டாம். விண்டோஸிலேயே 1995 முதல் இந்த வசதிகள் உள்ளன. விண்டோஸ் 11ல் விண்டோஸ் கீயுடன் யூ கீயை அழுத்தினால் அக்ஸசிபிலிட்டி பக்கம் திறக்கும். அதில் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள்; மவுஸ் கீஸுக்கு மட்டும் மவுஸைத் தேர்ந்தெடுங்கள்.

1. ஃபில்டர் கீஸ்: இதை ஆன் செய்து, ரிப்பீட் கீஸை ஆஃப் செய்யுங்கள். கீயை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே எழுத்துதான் விழும். ஸ்லோ கீஸை ஆன் செய்தால், தவறுதலாகப் பட்டுச் செல்லும் கீகளைக் கம்ப்யூட்டர் ஏற்காது. நேரத்தை அரை வினாடியில் தொடங்கிக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுங்கள்.

2. ஸ்டிக்கி கீஸ்: ஷிப்ட், கன்ட்ரோல் கீகளை மற்ற கீயுடன் சேர்த்துப் பிடிக்க வேண்டாம். ஒன்றன் பின் ஒன்றாக அழுத்தினால் போதும்.

3. மவுஸ் கீஸ்: நம்பர் பேட் மூலம் மவுஸ் பாயின்டரை நகர்த்தலாம்.

கம்ப்யூட்டர் கேம்ஸும் இதில் உதவியிருக்கிறது. நின்டென்டோ 2007ல் வெளியிட்ட வீ பேலன்ஸ் போர்டின் நான்கு மூலைகளிலும் எடையறியும் சென்சார்கள் உண்டு. ஏறி நிற்பவரின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது திரையில் தெரியும். அதனால் பல நாடுகளில் தெரபிஸ்ட்கள் இதைச் சமநிலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று அது பழைய பொருளாகத்தான் கிடைக்கும். தெரபிஸ்ட் அருகில் இல்லாமல் குழந்தையை ஏற்றி நிறுத்தாதீர்கள்.

நம் ஊர்ப் பங்கும் உண்டு. பேச இயலாத குழந்தைகளுக்காகச் சென்னையின் அஜித் நாராயணன், வித்யாசாகர் அமைப்புடன் சேர்ந்து ஆவாஸ் கருவியை உருவாக்கினார். இதற்காக 2011ல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழின் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இடம் பெற்றார். ஆவாஸ் இப்போது ஆப் ஆகக் கிடைக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த செட்டிங்குகள் தசை இறுக்கத்தைக் குறைக்காது; பிசியோதெரபியை நிறுத்தக் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் வாங்கி வையுங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்க அது உதவும்.

பாப்பா முதல் பக்கத்தை அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிழைகள் இருந்தன. அம்மா திருத்த வந்தபோது, "வேண்டாம்மா, நானே பண்ணிக்கறேன்" என்று தடுத்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், எதையும் வாங்கும் முன் மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். கால் தொங்குகிறதா?