வருசத்துக்கு 795 டாலர்: ஒரு பயண அட்டையின் கணக்கும் அரசியலும்

கடன் அட்டை என்றதும் நம் எழுத்தில் வழக்கமாக நடப்பது, 'நுகர்வுக் கலாச்சாரம்' என்றொரு சொல்லைப் போட்டு விஷயத்தை மூடிவிடுவது. அட்டையை வாங்குகிறவரோ கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அவரை விமர்சிப்பதில் அர்த்தமில்லை. ஆகவே முதலில் கணக்கு. பிறகு அந்தக் கணக்கில் பேர் வராத ஆட்கள். அமெரிக்காவில் சேஸ் வங்கி விற்கிற 'சஃபயர் ரிசர்வ்' அட்டையை எடுத்துக்கொள்வோம்.

1

2016 ஆகஸ்டில் வந்தபோது இதன் ஆண்டுக் கட்டணம் 450 டாலர். புதிதாகச் சேர்ந்து குறிப்பிட்ட தொகை செலவழித்தவர்களுக்கு 1,00,000 புள்ளிகள் இனாம். உலோக அட்டை; கேட்ட கூட்டத்துக்கு உலோகம் பத்தாமல் கொஞ்ச நாள் பிளாஸ்டிக்கில் கொடுத்துச் சமாளித்தார்கள். 2017 ஜனவரியில் இனாம் பாதியாயிற்று. கட்டணம் 2020இல் 550 ஆகி, 2025 ஜூனில் 795 ஆனது. கூடவே ஆண்டுக்கு 2,700 டாலருக்கு மேல் 'மதிப்பு' இருப்பதாக விளம்பரம். 795 கொடுத்தால் 2,700! யாருக்குத்தான் கசக்கும்?

இந்த 'மதிப்பு' என்ற சொல்லைக் கட்டுடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் 300 டாலர், எந்தப் பயணச் செலவுக்கும் தானாகவே திரும்பி வருகிறது, கிட்டத்தட்ட ரொக்கம். அதைக் கழித்தால் மிஞ்சுவது 495. மீதியெல்லாம் கூப்பன்கள். வங்கி பொறுக்கியெடுத்த விடுதிகளில் 500, பட்டியலிட்ட உணவகங்களில் 300, நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு 300 என்று, துண்டு துண்டாக, காலக்கெடுவோடு. இவற்றை எப்படி மதிப்பிடுவது? ஒரே விதிதான்: அட்டை இல்லாவிட்டாலும் அந்தக் காசை நீ அங்கே செலவழித்திருப்பாயா? ஆமாம் என்றால் முழு மதிப்பு. இல்லை என்றால் கூப்பனில் அச்சடித்த எண் வெறும் எண்தான்.

ஒரு ஆளைக் கற்பனை செய்வோம். வருசத்தில் நாலு தடவை பறக்கிறார். அந்த 300 போக விமானம், விடுதிக்கு நேரடியாக 4,000 டாலர். வெளிச் சாப்பாட்டுக்கு 3,000. பயணத்துக்கு டாலருக்கு 4 புள்ளி, சாப்பாட்டுக்கு 3. ஒரு புள்ளி ரொக்கமாக ஒரு சென்ட். ஆக 160 + 90 = 250 டாலர். அட, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கட்டணமே இல்லாத, 2 சதவீதம் திருப்பித் தருகிற சாதாரண அட்டையில் இதே செலவுக்கு 140 கிடைத்திருக்கும். எனவே இந்த அட்டை கூடுதலாகத் தந்தது 110தான். 495இல் 110 போனால் 385. விமான நிலைய லவுஞ்சில் எட்டு தடவை உட்கார்ந்து, தடவைக்கு 20 டாலர் சாப்பாட்டுக் காசு மிச்சம் என்றால் 160. இன்னும் 225 பாக்கி. இதைக் கூப்பன்தான் அடைக்கணும். பட்டியல் உணவகங்களில் ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு 75 டாலர் லாபம். அந்த உணவகங்கள் இல்லாத ஊர்க்காரருக்கு 225 நஷ்டம். வருசத்துக்கு ஒருதரம் பறக்கிறவருக்குக் கணக்கே வேண்டாம்.

புள்ளியை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் ஒரு சென்ட்டுக்கு மேல் தேறும் என்பார்கள். தேறும்தான். ஆனால் 4,000 டாலர் பிசினஸ் கிளாஸ் இருக்கையைப் புள்ளி கொடுத்து வாங்கிவிட்டு '4,000 மிச்சம்' என்று எழுதக்கூடாது. சொந்தக் காசென்றால் 900 டாலர் சாதா டிக்கெட்டில்தான் போயிருப்பார். மிச்சம் 900.

மாதக் கடைசியில் பாக்கி வைக்கிறவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல். 5,000 டாலர் பாக்கி ஒரு வருசம் நின்றால் 1,000 டாலருக்கு மேல் போய்விடும். எந்த லவுஞ்சிலும் அதைச் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது.

2

கூப்பன் வெறும் சலுகை அல்ல, அது ஒரு தன்னிலையை உற்பத்தி செய்கிறது. ஜூன் முடியறதுக்குள்ள 150 டாலருக்குச் சாப்பிட்டாகணும், டிசம்பருக்குள்ள இன்னொரு 150 என்று நாள் குறித்துக்கொண்டு அலைகிற மனிதர், வங்கியின் சம்பளமில்லாத குமாஸ்தாவாகிறார். ஓய்வு என்பது நிறைவேற்ற வேண்டிய இலக்காகிறது. மறந்துபோகிற கூப்பன் வங்கிக்கு லாபம். இப்படிப் பயன்படாமல் போவதற்கு அந்தத் தொழிலில் 'பிரேக்கேஜ்' என்று பேரே உண்டு. தவறாமல் பயன்படுத்தினாலோ, பட்டியலில் உள்ள கடைக்கு வாடிக்கையாளர். பரிசு வாங்கியவனைக் கட்டிப்போடுகிறது என்று மார்செல் மாஸ் 1925இல் எழுதியதற்கு இங்கே கட்டுவதற்கான கயிற்றையும் நாமே 795 கொடுத்து வாங்குகிறோம். மேசையில் 'டங்' என்று விழும் உலோகச் சத்தத்தையும் லவுஞ்ச் கதவையும் பற்றி பூர்தியூவைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

3

நம் ஆள் லாபம் பார்த்த அந்த 75 டாலர் எங்கிருந்து வந்தது? கணக்கு அவரோட முடிஞ்சிரலை.

அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடமிருந்து ஒரு கட்டணம் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு 'இன்டர்சேஞ்ச்' என்ற பெயரில் அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. சலுகை அதிகமுள்ள அட்டைக்கு இந்தக் கட்டணமும் அதிகம். கடைக்காரர் அதை விலையில் ஏற்றுகிறார். விலை எல்லாருக்கும் ஒன்றே. ரொக்கம் கொடுத்துப் பால் வாங்குகிற துப்புரவுத் தொழிலாளியும் அதே விலைதான் கொடுக்கிறார், அவருக்குப் புள்ளி கிடையாது. சாதா அட்டையை வாங்குவேன், உசத்தி அட்டையை வாங்க மாட்டேன் என்று சொல்லவும் கடைக்காரருக்கு வழியில்லாதபடி அட்டை நிறுவனங்களின் விதி பல பத்தாண்டுகள் அவரைக் கட்டிப்போட்டது.

இது நம் கற்பனை அல்ல. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் கணக்கிட்டார்கள்: ரொக்கத்தில் வாங்கும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலர் இழக்கிறது, அட்டையில் வாங்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. பின்னால் 2022 வாக்கில் வந்த இன்னொரு ஆய்வு அட்டைக்காரர்களுக்குள்ளேயே நடக்கும் மாற்றத்தைப் பார்த்தது. பாக்கி வைத்து வட்டி கட்டுகிறவர்களிடமிருந்து, முழுசாகக் கட்டிவிட்டுப் புள்ளி எண்ணுகிறவர்களுக்கு ஆண்டுக்கு சுமார் 1,500 கோடி டாலர் போகிறது என்பது அதன் மதிப்பீடு. படிப்புக் குறைந்த, ஏழ்மையான, சிறுபான்மையினர் மிகுந்த பகுதிகளிலிருந்து எதிர்த்திசைக்குப் பணம் நகர்கிறது.

4

'நான் வாங்காவிட்டால் அந்தத் தொழிலாளிக்குப் பால் விலை குறையுமா?' குறையாது. நியாயமான கேள்விதான். தனியாள் துறவு அரசியலாகிவிடாது; அட்டையை வெட்டிப் போட்டுவிட்டுப் புனிதராகிவிட்டதாக நினைப்பதும் அட்டையைக் காட்டிப் பெருமைப்படுவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்தாம். மாற்றம் கட்டண விகிதத்தில் நடக்க வேண்டும், நடக்கவும் முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கடன் அட்டைகளின் இன்டர்சேஞ்சை 0.3 சதவீதத்தில் கட்டிப்போட்டது. அமெரிக்காவில் 2010இன் டர்பின் திருத்தம் டெபிட் அட்டைக்கு மட்டும் வரம்பு வைத்தது. கடன் அட்டையைத் தொடவில்லை. உசத்தி அட்டைகள் செழித்தது அந்த இடைவெளியில்தான். வரம்பு வந்தால் புள்ளிகள் சுருங்கும். கோரிக்கை வைக்கிறவர் தன் புள்ளியும் போகும் என்று தெரிந்தே வைக்க வேண்டும்.

அட்டை வாங்கலாமா என்று கேட்கிற நண்பருக்கு ஆகவே இரண்டு பதில். பாக்கி வைக்காமல், அடிக்கடிப் பறந்து, கூப்பன் சொல்லும் இடங்களில் ஏற்கெனவே செலவழிக்கிறவராக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும், இல்லாவிட்டால் வேண்டாம். மிஞ்சினால், அதை வங்கி கொடுத்தது என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். பால்கடை வரிசையில் முன்னால் நிற்கிறவரும் அதில் பங்கு போட்டிருக்கிறார்.