நாலாவது ஃப்ரெட்டுக்குச் சுண்டுவிரல் எட்டுகிறதா?

பெரம்பூரில் என்னிடம் கிட்டார் கற்க வரும் பிள்ளைகளில் பலர் பத்து வயதைத் தாண்டாதவர்கள். முதல் நாளே கையில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரோடு வருவார்கள். அது பெரும்பாலும் அப்பா கல்லூரியில் படிக்கும்போது வாங்கியதாக இருக்கும். இல்லையென்றால், “வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே வாங்கிடுவோம்” என்று வாங்கிய முழு அளவுக் கிட்டாராக இருக்கும். பள்ளிச் சீருடையை இரண்டு அளவு பெரிதாகத் தைத்துப் போடுகிற அதே கணக்கு. சீருடை என்றால் கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். கிட்டாரின் கழுத்தை (நெக்) மடிக்க முடியாது.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அப்படித்தான் வந்தாள். கிட்டாரை மடியில் வைத்ததும் வலது தோள் காதைத் தொடுகிற அளவுக்கு உயர்ந்துவிட்டது. இடது கை முழுசாக நீண்டு, முழங்கை மடங்காமல் நின்றது. “மிஸ், சுண்டுவிரல் வரமாட்டேங்குது” என்றாள். வராதுதான். வகுப்பில் வைத்திருக்கும் சின்ன கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். அதே பாடம், அதே விரல்கள். நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். நாலு ஃப்ரெட்டிலும் நாலு விரலும் தானாகப் போய் உட்கார்ந்தன. அவளுடைய அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மேடம், இது பொம்மை மாதிரி இருக்கே, இதுல கத்துக்க முடியுமா?” என்று கேட்டார். நிறையப் பெற்றோர்களின் மனதில் இருக்கிற கேள்வி அது. அதற்குத்தான் இங்கே விரிவாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் ஏறி உட்காரும் பள்ளமுள்ள சின்னப் பட்டைக்கு நட் என்று பெயர். உடம்பின் மேல் கம்பிகள் முடிகிற இடம் பிரிட்ஜ். இந்த இரண்டுக்கும் நடுவில் கம்பி அதிர்கிற நீளத்தை ‘ஸ்கேல் லெங்த்’ என்பார்கள். வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் போதும். 12-வது ஃப்ரெட் சரியாகப் பாதியில்தான் இருக்கும்.

உலகம் முழுக்க அதிகம் விற்கும் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில் இந்த நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். கிப்ஸன் லெஸ் பால் வகையில் சுமார் 24.75 அங்குலம். சிறுவர்களுக்கென்று வருபவற்றில் ஸ்க்வையர் மினி ஸ்ட்ராட் 22.75 அங்குலம், ஜாக்ஸன் மினியன் 22.5, ஐபனெஸ் மைக்ரோ 22.2. மூன்று அங்குலம் குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கம்பியின் மீதி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் வருவதுதான் அடுத்த ஃப்ரெட்டின் தூரம். அதனால் ஸ்கேல் குறையும்போது எல்லா ஃப்ரெட்டும் சேர்ந்து நெருங்குகிறது. முழு அளவு ஸ்ட்ராட்டில் நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 134 மில்லிமீட்டர். மினி ஸ்ட்ராட்டில் 119. ஒன்றரை செண்டிமீட்டர் குறைகிறது. பெரியவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஏழு வயதுக் கைக்கு, சுண்டுவிரல் எட்டுமா எட்டாதா என்பது இந்த ஒன்றரை செண்டிமீட்டரில்தான் இருக்கிறது.

‘முக்கால் சைஸ்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். முழு அளவில் சரியாக முக்கால் பங்கு என்றால் 19 அங்குலம்தான் வர வேண்டும். அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் 22, 23 அங்குலம் இருக்கும். உடம்பை மட்டும் சிறிதாக்கி நெக்கை முழு நீளத்துக்கு விட்டிருக்கும் கிட்டார்களும் இருக்கின்றன. ஸ்கேல் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள்.

இனி பொம்மை விஷயம். 1956-ல் ஃபெண்டர் நிறுவனம் மாணவர்களுக்காகவே மியூஸிக்மாஸ்டர், டியூவோ-சோனிக் என்று இரண்டு கிட்டார்களைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஸ்கேல் 22.5 அங்குலம். பெயர் வெளியே தெரிவதற்கு முந்தைய காலத்தில் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த கிட்டார்களில் டியூவோ-சோனிக்கும் ஒன்று. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன் 1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கிய ரிக்கன்பேக்கர் 325-இன் ஸ்கேல் வெறும் 20.75 அங்குலம். இன்று கடையில் சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் கிட்டாரைவிடக் குட்டை! பீட்டில்ஸின் ஆரம்பகால இசையில் அந்தக் குட்டைக் கிட்டார்தான் லென்னனின் கையில் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல் பிறந்தவர் அவர். அப்பாவின் மாண்டலினைக் கையில் எடுத்தபோது வயது ஆறு. கிட்டாரோடு பார்த்தால் மாண்டலின் கைக்குள் அடங்கிவிடும் வாத்தியம். ஜோடி ஜோடியாக இருந்த கம்பிகளை ஒற்றைக் கம்பிகளாக்கி, மின்சார மாண்டலினில் கமகங்களைக் கொண்டுவந்து, சிறுவனாக இருந்தபோதே சென்னை சபாக்களை நிமிர்ந்து உட்கார வைத்தார். அந்த வயதில் அவர் கைக்கு எட்டுகிற வாத்தியம் அமைந்தது என்பதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. நம் ஊரில் வயலின் கற்கும் குழந்தைக்கு அரை வயலின், முக்கால் வயலின் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே அக்கறை கிட்டாருக்கும் வேண்டும்.

சின்ன ஸ்கேலில் ஒரு குறை உண்டு. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கம்பியின் நீளம் குறைந்தால் அதே சுருதிக்குத் தேவையான இழுவிசையும் குறைந்துவிடும், அதுவும் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. 25.5-லிருந்து 22.75-க்கு வந்தால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. விரலுக்கு இதம்தான், ஆனால் கம்பி தளர்ந்து கிடக்கும். குழந்தைகள் அழுத்தும்போது அளவு தெரியாமல் பலமாக அழுத்துவார்கள். தளர்ந்த கம்பியில் அந்த அழுத்தத்திலேயே சுருதி ஏறிவிடும். ட்யூனரில் எல்லாம் சரியாகக் காட்டும், வாசித்தால் அபஸ்வரமாகக் கேட்கும். குழந்தை தன் காதையே சந்தேகப்பட ஆரம்பிக்கும். ஆசிரியராக எனக்கு இதைவிட வருத்தம் தருவது வேறில்லை.

இதற்குத் தீர்வு மலிவானது. கம்பியை ஒரு படி தடிமனாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எலெக்ட்ரிக் கிட்டாரில் வழக்கமாக வரும் ‘9’ செட்டை எடுத்துவிட்டு ‘10’ செட் மாட்டச் சொல்லுங்கள் (இந்த எண் மிக மெல்லிய கம்பியின் தடிமனைக் குறிக்கும்). முழு அளவு கிட்டாரில் 9 கம்பி எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படியே 22.75 அங்குலத்தில் 10 கம்பி இருக்கும். மிக மெல்லிய கம்பியான மேல் ‘ஈ’யில் இரண்டுக்கும் இழுவிசை சுமார் 6 கிலோ.

“முதல்ல அக்கூஸ்டிக்ல கத்துக்கட்டும், அப்புறம் எலெக்ட்ரிக் பாத்துக்கலாம்” என்று சொல்பவர்கள் நிறைய. விரல் காய்த்தால்தான் வித்தை வரும் என்ற எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரும்புக் கம்பி போட்ட அக்கூஸ்டிக்கில் வழக்கமான 12 செட்டின் மேல் ‘ஈ’ கம்பி சுமார் பத்தரை கிலோ விசையில் இழுபட்டு நிற்கும். உடம்பும் பெட்டி போலத் தடிமன். எலெக்ட்ரிக்கில் கம்பியும் மெலிது, உடம்பும் மெலிது, கம்பி ஃப்ரெட்டுக்கு அருகிலேயே இருக்கும். சினிமாப் பாட்டின் கிட்டார் சத்தத்தைக் கேட்டு ஆசைப்பட்ட பிள்ளைக்கு அந்தச் சத்தத்தைத் தருகிற வாத்தியத்தையே கொடுங்கள். செவ்வியல் கிட்டார்மேல் ஆசையென்றால் அது தனி வழி. நைலான் கம்பி போட்ட சின்ன அளவுகள் அதற்கு உண்டு.

கடைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறந்தநாளுக்குத் திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்தும் ஆசையை இந்த ஒரு பொருளுக்கு மட்டும் விட்டுவிடலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். கிட்டார் மடியில் இருக்கும்போது வலது தோள் உயரக் கூடாது. இடது கையின் ஆள்காட்டி விரல் தடித்த கம்பியின் முதல் ஃப்ரெட்டில், சுண்டுவிரல் அதே கம்பியின் நாலாவது ஃப்ரெட்டில். மணிக்கட்டு கோணாமல், முழங்கை நீளாமல் அது நடந்தால் கிட்டார் பொருந்துகிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்து எட்டினாலும் பாதகமில்லை, சில மாதங்களில் விரல் பழகும். எட்டவே இல்லையென்றால் இன்னும் குட்டையான ஸ்கேலைக் கேளுங்கள். வயதைக் கேட்டு அளவு சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒன்பது வயதில் 24 அங்குலத்தைச் சுலபமாகப் பிடிக்கிற கைகளும் உண்டு. அப்படிப்பட்ட கைக்கு ஸ்க்வையர் சோனிக் மஸ்டாங் மாதிரி 24 அங்குலக் கிட்டார் நெடுநாள் உழைக்கும். எழுந்து நின்று வாரை மாட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். தலைப்பக்கம் கனத்து நெக் கீழே சாய்ந்தால், அதைத் தாங்கிப் பிடிப்பதிலேயே இடது கை களைத்துவிடும்.

பிறகு கிட்டாரை நீங்கள் சோதிக்கலாம், வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓடவிடுங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் அந்தக் கிட்டாரை எடுக்காதீர்கள், அல்லது தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பாருங்கள். அங்கே மட்டும் வலிக்கிறது, ஐந்தாவது ஃப்ரெட்டில் சுலபமாக இருக்கிறது என்றால் நட்டின் பள்ளம் ஆழமாக வெட்டப்படவில்லை என்று பொருள். விலை குறைந்த கிட்டார்களில் நான் அடிக்கடி பார்க்கிற குறை இது. ஆரம்பப் பாடங்கள் பெரும்பாலும் முதல் மூன்று ஃப்ரெட்டில்தான் இருக்கின்றன. குழந்தை அவ்வளவு கஷ்டத்தையும் அங்கேதான் படும். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சரிசெய்துவிடுவார். இந்த வேலைகளையெல்லாம் சேர்த்து ‘செட்டப்’ என்பார்கள். புதுக் கிட்டாரேயானாலும் செட்டப்புக்கென்று கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள். செட்டப் செய்த மலிவான கிட்டாரையும் செய்யாத விலை உயர்ந்த கிட்டாரையும் எதிரே வைத்தால், குழந்தைக்கு நான் முதலாவதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

பிரிட்ஜ் அசையாமல் திருகி இறுக்கப்பட்டதாக இருக்கட்டும். நெம்புகோல் வைத்துச் சுருதியை ஆட்டும் வகைக்குப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஆனால் ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் நகர்ந்துவிடும். தானே சுருதி சேர்க்கக் குழந்தை முதல் மாதத்திலேயே பழக வேண்டும், அதற்கு அசையாத பிரிட்ஜ்தான் ஒத்துழைக்கும்.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளை என்றால் அவசரப்பட வேண்டாம். புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் மார்க் நாப்ஃப்ளர் இடது கைக்காரர், வலது கைக் கிட்டாரையே வாசிக்கிறார். சின்ன அளவில் இடது கைக் கிட்டார்கள் அரிது. இரண்டு விதமாகவும் பிடித்துப் பார்க்க விடுங்கள். வலது கைப்பிடி இயல்பாக வந்தால் அதோடு போகலாம். கை முரண்டு பிடித்தால் கட்டாயப்படுத்தாமல் இடது கைக் கிட்டாரைத் தேடி வாங்குவதுதான் நியாயம்.

ஆம்ப்ளிஃபயருக்கும் பணத்தில் ஒரு பங்கு வையுங்கள். கிட்டாரோடு பெட்டியில் சேர்ந்து வரும் குட்டி ஆம்ப் பலதில் சத்தம் கரகரப்பாக இருக்கும். ஹெட்போன் மாட்ட வசதி உள்ள, பேட்டரியிலும் ஓடுகிற சின்ன ஆம்ப் சிறுவர்களுக்குப் போதும். கிட்டாரிலேயே செருகி ஹெட்போனில் கேட்கும் வாக்ஸ் ஆம்ப்பிளக் மாதிரியான கையடக்கக் கருவிகளும் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமைக்கும் அது நல்லது. ஹெட்போன் சத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதைப் பெரியவர்களே முடிவு செய்யுங்கள்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஆம்ப் வாங்கினால் ஒன்றை மறக்கவே கூடாது. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். ஆம்ப்பில் கோளாறு வந்து, வீட்டில் எர்த்தும் சரியில்லையென்றால், கம்பியைத் தொடும் கைக்கு ஷாக் அடிக்கலாம். மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்து இரண்டு முனை சாக்கெட்டில் செருகுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கிட்டார் ஆம்ப்புக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதித்த பிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும்.

சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், பிள்ளைகளின் விரலில் வியர்வையும் அதிகம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுங்கள். துருப்பிடித்த கம்பி விரலை அறுக்கும், சுருதியும் நிற்காது. மாற்றிவிடுங்கள்.

அந்தச் சிறுமி இப்போது உயரமாகிவிட்டாள். மேல் ஃப்ரெட்டுகளில் அவள் விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. பெரிய கிட்டாருக்குப் போகலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். நேராக 25.5-க்குத் தாவ வேண்டியதில்லை, நடுவில் 24 இருக்கிறது, 24.75 இருக்கிறது, கடையில் மூன்றையும் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சின்னதை விற்க வேண்டாம் என்றும் சொன்னேன். வீட்டில் நாலு வயதுத் தம்பி இருக்கிறான்.