கொசுவுக்குள் ஒளிந்த எழுத்தாளர்... வில்லன் கும்பலில் ஆர்ட் டைரக்டர்! 'எந்திரன்' படத்தில் நாம் கவனிக்காத முகங்கள்

சென்னை, கோபாலபுரம்: 'எந்திரன்' ரிலீசாகி (2010 அக்டோபர் 1) பல வருஷம் ஆகிவிட்டது. டி.வி.யில் போட்டால் இன்னமும் சேனலை மாற்ற மனசு வருவதில்லை. ஆனால் எத்தனை தடவை பார்த்தாலும், படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிலரை நம்மில் பாதிப் பேர் கண்டுகொள்வதே இல்லை.

இந்தப் படத்துக்கும் நம்ம ஏரியாவுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. தயாரித்த சன் பிக்சர்ஸ் கலாநிதி மாறன், அப்போது முதல்வராக இருந்த கோபாலபுரத்துக்காரர் கருணாநிதியின் அக்கா பேரன். ஹீரோ ரஜினி, கதீட்ரல் ரோட்டைத் தாண்டினால் வரும் போயஸ் கார்டன்வாசி. அதற்கும் முன்னால், 2000-களின் தொடக்கத்தில், 'ரோபோ' என்ற பெயரில் இதே கதையில் நடிக்க இருந்தவர் ஆழ்வார்பேட்டை கமல். ஜோடி ப்ரீத்தி ஜிந்தா. போட்டோ ஷூட் வரை போய் நின்றுவிட்டது. அப்புறம் 2007-ல் ஷாருக்கான் பக்கம் போய், அதுவும் சரிப்படாமல் கடைசியில் போயஸ் கார்டனுக்கு வந்து சேர்ந்தது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006-ல் கருணாநிதி அரசு அறிவித்திருந்த நேரம். 'ரோபோ', 'எந்திரன்' ஆனது.

ரங்குஸ்கி யாரு?

சனாவைக் கடித்த கொசுவைத் தேடிப் பிடித்து, சிட்டி மன்னிப்பு கேட்க வைக்கும் காட்சி ஞாபகம் இருக்கா? தியேட்டரில் குழந்தைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்த காட்சி. "இதெல்லாம் ஓவர்" என்று பெரியவர்கள் முணுமுணுத்ததும் உண்டு. அந்தக் கொசுவின் பெயர் ரங்குஸ்கி. ஏதோ ரஷ்யப் பெயர் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அது எழுத்தாளர் சுஜாதாவின் செல்லப்பெயர். அவரது நிஜப்பெயர் ரங்கராஜன். அதில் இருந்து வந்ததுதான் ரங்குஸ்கி.

கமல் காலத்தில் இருந்தே இந்தக் கதையோடு கூட இருந்தவர் சுஜாதா. பெங்களூரு பி.இ.எல். நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு பெற்றவர். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற ரோபோ நாயை நம் வீட்டுக்குள் ஓடவிட்டவரும் அவரே. 2008 பிப்ரவரி 27-ல் காலமானார். ரஜினியை சிட்டியாகத் திரையில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. வசனம் என்று சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி என மூன்று பெயர்கள் வருவதற்குக் காரணம் இதுதான்.

மதன் கார்க்கி, வைரமுத்துவின் மகன் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது அவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் டாக்டர் என்பது பலருக்குத் தெரியாது. 'இரும்பிலே ஒரு இருதயம்', 'பூம் பூம் ரோபோடா' இரண்டு பாட்டும் அவர் எழுதியதே.

சிட்டி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது வேகம் 1 டெராஹெர்ட்ஸ், மெமரி 1 செட்டாபைட் என்று அடுக்குமே, அது சும்மா வாயில் வந்த வார்த்தை இல்லை. 1 டெராஹெர்ட்ஸ் என்றால் 1,000 கிகாஹெர்ட்ஸ். இப்போது நம் கையில் இருக்கும் நல்ல செல்போனே 3, 4 கிகாஹெர்ட்ஸைச் சுற்றித்தான் ஓடுகிறது. 1 செட்டாபைட் என்பது 100 கோடி டெராபைட்! ரிச்சி ஸ்ட்ரீட் மொத்தத்தையும் வாங்கினாலும் தேறாது.

செட் போட்டவரே சீனில்!

டாக்டர் போராவிடம் பேரம் பேச வரும் தீவிரவாதக் கும்பலில் மொழிபெயர்ப்பாளராக ஷா என்று ஒருவர் வருவார். அடுத்த தடவை உற்றுப் பாருங்க. அவர்தான் படத்தின் ஆர்ட் டைரக்டர் சாபு சிரில்! சிட்டியின் சோதனைக்கூடம் உட்பட பிரமாண்ட செட்டுகளை எல்லாம் உருவாக்கியவர், ஒரு சின்ன வேஷம் கட்டி நடித்தும் காட்டிவிட்டார். அந்த வேலைக்காக அவருக்கும், கிராபிக்ஸுக்காக ஸ்ரீனிவாஸ் மோகனுக்கும் தேசிய விருது கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

இவராவது முகத்தைக் காட்டினார். முகமே இல்லாமல் நடித்தவர் கதைதான் பாவம். வசீகரனும் சிட்டியும் ஒரே பிரேமில் வரும் காட்சிகளுக்கு மோஷன் கன்ட்ரோல் கேமரா உதவியது. ஒரு தடவை போன பாதையை அந்தக் கேமரா அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு, இம்மி பிசகாமல் மறுபடியும் போகும். முதலில் வசீகரனாக ரஜினி, அப்புறம் சிட்டியாக ரஜினி. இரண்டையும் ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் சண்டை, கூட்டம் என்று வரும்போது ரஜினியின் உயரத்திலும் உடல்வாகிலும் இருந்த டூப் நடிகர் சிட்டி டிரஸ்ஸைப் போட்டுக்கொண்டு நடித்தார். பிறகு, ஸ்கேன் செய்து வைத்திருந்த ரஜினி முகம் கம்ப்யூட்டரில் அவர் கழுத்துக்கு மேல் பொருத்தப்பட்டது. நாம் விசில் அடித்தது பாதி நேரம் அந்த மனிதரின் நடைக்கும் கையசைவுக்கும்தான்!

தோல் போர்த்தாத சிட்டி வெறும் கிராபிக்ஸ் என்று நினைக்காதீங்க. நிஜமாகவே பொம்மை செய்தார்கள். செய்தது அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம். 'டெர்மினேட்டர்', 'ஜுராசிக் பார்க்' படங்களுக்கு வேலை பார்த்த ஸ்டான் வின்ஸ்டன் மறைந்த பிறகு அவரது ஆட்கள் 2008-ல் ஆரம்பித்த கம்பெனி அது. நம்ம ஊர் பொம்மலாட்டம் மாதிரி, தலைக்கு ஒருவர், கைக்கு ஒருவர் என்று பலர் சேர்ந்து ஆட்டினார்கள். படத்தில் அந்த ஆட்கள் அழிக்கப்பட்டார்கள். இத்தனை பேர் பெயரும் ஓடுவது கடைசி டைட்டிலில். அதற்குள் நாம் பைக்கை எடுக்க பார்க்கிங்குக்கு ஓடியிருப்போம். டி.வி.யிலோ அதையும் வெட்டிவிடுகிறார்கள்.

குரலிலும் ஒளிந்தவர்கள் உண்டு. சனாவாகப் பேசியது ஐஸ்வர்யா ராய் இல்லை, டப்பிங் கலைஞர் சவிதா. 'புதிய மனிதா' பாட்டில் எஸ்.பி.பி. குரலோடு கேட்கும் பெண் குரல், ஏ.ஆர்.ரகுமானின் மகள் கதீஜாவுடையது. அப்போது அவர் சின்னப் பெண். 'கிளிமாஞ்சாரோ' பாட்டு ஆப்பிரிக்காவில் எடுத்தது என்று இன்னமும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்தது பெரு நாட்டின் மச்சு பிச்சுவில்!

2018-ல் வந்த '2.0' படத்திலும் சனா உண்டு. ஆனால் வெறும் போன் குரலாக மட்டும். அதில் வசனத்துக்கு ஷங்கரோடு சேர்ந்தவர் எழுத்தாளர் ஜெயமோகன்.

கடைசியாக ஒருவர். காரில் வரும் சிட்டியை மடக்கி லஞ்சத்துக்காக "வெட்டு" என்று கேட்டு, நிஜமாகவே கையில் வெட்டு வாங்கும் டிராபிக் போலீஸ்காரர். அவர் மலையாள நடிகர் கொச்சின் ஹனீபா. 'மகாநதி'யில் கமலை ஏமாற்றி நம் எல்லோரிடமும் திட்டு வாங்கினாரே, அவரேதான். 2010 பிப்ரவரி 2-ம் தேதி சென்னையில் காலமானார். எட்டு மாதம் கழித்து படம் வந்தபோது, அந்த சீனுக்குத் தியேட்டரே குலுங்கியது.