ரிப்போர்ட் வந்துவிட்டது, சரியாக வந்ததா?

சிங்கப்பூரில் ரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்வார்கள். நம் லேப்களில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். அங்கே 25 என்றால் இங்கே 450. அலகு விடுபட்டு, 25 என்ற எண் மட்டும் நம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஏறினால் என்ன ஆகும்? சர்க்கரை எகிறிக் கிடக்கும் நோயாளி, சர்க்கரை தாழ்ந்து மயங்கப்போகிறவராகத் தெரிவார். ஒருவருக்கு இன்சுலின் வேண்டும், மற்றவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவத் தகவல்களைக் கம்ப்யூட்டர்கள் பரிமாறிக்கொள்ள 'எச்.எல்.7' என்ற தர அமைப்பு 1987-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. லேப், ஆஸ்பத்திரி இரண்டும் அதன் விதிகளையே பின்பற்றினாலும் செய்தி ஒத்துப்போகும் என்று நம்பிவிட முடியாது. பரவலாகப் புழங்கும் அதன் இரண்டாம் பதிப்பில் பல கட்டங்களை நிரப்பலாம், விடலாம். ஒரு சாஃப்ட்வேர் அலகை அதற்கான கட்டத்தில் எழுதும். இன்னொன்று குறிப்புரையில் செருகும். பெறும் கம்ப்யூட்டர் இரண்டுக்கும் 'ஏற்றுக்கொண்டேன்' என்றே பதில் அனுப்பக்கூடும். உள்ளிருக்கும் பொருள் சரியாகப் புரிந்தது என்பதற்கு அந்த ஒப்புகை சான்றல்ல. அதைப் பார்த்ததும் இரு கம்ப்யூட்டர்களின் இணைப்புச் சோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவது பெரிய அலட்சியம்.

உண்மையான சோதனையில் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அனுப்பிய இடத்தில் இருந்ததும் மருத்துவரின் திரையில் தெரிவதும் ஒன்றா என்று வரிவரியாக ஒப்பிட வேண்டும். சிக்கலானவற்றையே முதலில் அனுப்பிப் பார்க்க வேண்டும்: அனுப்பிய பிறகு திருத்தப்பட்ட முடிவு, தசமப் புள்ளி, மருந்து ஒவ்வாமை. ஒவ்வாமை வெறும் குறிப்பாகப் போய்ச் சேர்ந்தால், அந்த மருந்தை எழுதும்போது எச்சரிக்கை எழாமல் போகலாம். நம் பெயர்களும் சிக்கல்தான். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் சாஃப்ட்வேரில் ஓரிடத்தில் இனிஷியல் ஏறும், இன்னோரிடத்தில் அப்பா பெயர் ஏறும். ஒரே ஆள் இரண்டு நோயாளிகளாகிவிடுவார். அதைவிட மோசம், இரண்டு முருகன்கள் ஒருவராக இணைந்துவிடுவது.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், எச்.எல்.7-இன் புதிய வடிவமான எஃப்.எச்.ஐ.ஆரைப் பயன்படுத்துகிறது. செய்தி விதிப்படி அமைந்திருக்கிறதா என்று பார்க்க அதற்கெனச் சோதனைக் கருவிகள் உண்டு. வடிவப் பிழையை அவை பிடிக்கும். இன்னொருவரின் ரிப்போர்ட் உங்கள் பெயரில் பிழையற்ற வடிவத்தில் வந்தால் பிடிக்காது.

எனவே நோயாளியும் ஒரு கண் வைக்க வேண்டியிருக்கிறது. இத்திட்டத்தின் 14 இலக்க 'ஆபா' எண்ணைப் பெறுவது உங்கள் விருப்பம். அதன் வழியே எந்த ஆவணத்தை, யார், எவ்வளவு காலம் பார்க்கலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம். ஆவணப் பிரதி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. பிரதி கையில் வந்ததும் பெயர், வயது, தேதி, அலகு, ஒவ்வாமை ஆகியவற்றை மூல ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். லேப் கொடுத்த காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

தவறு தெரிந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை காத்திருக்காது. பிறகு ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் வாங்குங்கள். பிழையான விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் பாதிப்பு நேர்ந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவர் பிரதி தர மறுத்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

திருத்தம் கேட்கும் கடிதத்தில் இதையும் சேர்த்து எழுதுங்கள்: தவறான பதிவு இதுவரை எந்தெந்த இடங்களுக்குப் போயிருக்கிறது, அங்கெல்லாம் திருத்தியது அனுப்பப்பட்டதா?