பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீங்க! பழைய ஆர்.எக்ஸ்.100 பைக் வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

பேசின் பிரிட்ஜ்:

உற்பத்தி நின்று சுமார் 30 வருஷம் ஆகியும் மவுசு குறையாத வண்டி யமஹா ஆர்.எக்ஸ்.100. பேசின் பிரிட்ஜ், மூலக்கொத்தளம், ராயபுரம் பக்கம் அந்த சத்தம் கேட்டால் இன்றைக்கும் வாலிபர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாத நம்ம ஏரியாவுக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார்!

நல்ல வண்டிக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். சீட்டு எடுத்தும், நகையை அடகு வைத்தும் கொடுக்கிற பணம். பளபளப்பை மட்டும் பார்த்து கொடுத்தால் அவ்வளவுதான்.

வெளிநாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கம்பெனியில் போட்டபடியே இருக்கா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இதற்கும் அதே கதைதான். ஆர்.சி. புக்கில் உள்ள இரண்டு நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சுரண்டின மாதிரியோ, எழுத்து கோணலாகவோ இருந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்க. திருட்டு வண்டி என்றால் போலீசார் பறிமுதல் செய்வார்கள். பணமும் போகும், அலைச்சலும் மிச்சம்.

ஆர்.சி.யில் சி.சி.யையும் பாருங்க. ஆர்.எக்ஸ்.100 என்றால் 98 சி.சி. அதில் 132 என்று இருந்தால் அது ஆர்.எக்ஸ்.135. ஸ்டிக்கர் ஒட்டுவது பெரிய வேலை இல்லையே!

'85 மாடல், ஜப்பான் இன்ஜின்' என்று அளப்பவர்களும் உண்டு. இந்த வண்டி 1985 முதல் 1996 வரை வந்தது. டி.என்.04 மாதிரியான நம்பர் வரிசை 1989-ல் புதிய மோட்டார் வாகன சட்டம் வந்த பிறகுதான் தொடங்கியது. அந்த நம்பரை வைத்துக்கொண்டு 85 மாடல் என்றால், எப்படி என்று கேளுங்க.

இன்ஜின் எப்படி?

போகும்போதே 'வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க' என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை நீங்களே கிக்கரில் உதையுங்கள். கால் லேசாக இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது. டூ-ஸ்ட்ரோக் வண்டி என்பதால் முதலில் புகை வரும். நன்றாக சூடான பிறகும் வெள்ளையாகக் கொட்டினால் கிராங்க் சீல் போய், கியர் ஆயிலை இன்ஜின் குடிக்கிறது என்று சந்தேகப்படலாம். போர் எத்தனை தடவை போட்டது என்றும் கேளுங்கள். கடைசி சைசுக்கு வந்திருந்தால் அடுத்து சிலிண்டர் பிளாக் செலவுதான்.

காசிமேடு, எண்ணூர் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். டேங்க்குக்குள் டார்ச் அடித்து, சீட்டைத் தூக்கி, துரு இருக்கா என்று பாருங்க. 2023 டிசம்பர் மிச்சாங் புயலில் எண்ணூரில் எண்ணெய் கலந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ!

பேப்பரும் செலவுதான். 15 வருஷம் தாண்டின பைக்குக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 வருஷம் தாண்டின பைக்குக்கு 2025 ஆகஸ்ட்டில் 2,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

பணம் கொடுத்ததும் பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். ஆர்.சி.யில் உள்ள ஓனர் இறந்திருந்தால், வாரிசு முதலில் தன் பெயருக்கு மாற்றட்டும். அதுவரை அட்வான்ஸ்கூட வேண்டாம்.