சிலோன் அட்டைகளும் பேர் இல்லாத மனுஷங்களும்

ரவுண்ட் ராக் என்றதும் இங்கே இருக்கிற நம்மாட்களுக்கு ஞாபகம் வருவது ரெண்டே ரெண்டு. ஒண்ணு டெல் கம்பெனி. இன்னொண்ணு 1926லேர்ந்து போட்டுக்கிட்டிருக்கிற ஆரஞ்சு கலர் டோனட். எனக்கு மட்டும் மூணாவதா ஒண்ணு உண்டு: பழம்பொருள் கடைகள்ல ஷூ டப்பாக்குள்ள அடுக்கி வெச்சிருக்கிற பழைய பட அஞ்சலட்டைகள். படிக்கப் போன பையன் டப்பாவை நோண்டிக்கிட்டு இருக்கானேன்னு வீட்டுல ஏற்கனவே திட்டு வாங்கியாச்சு. அதனால நீங்களும் திட்ட வேண்டாம் :-)

டப்பாக்குள்ள அட்டைகளை ஊர் வாரியாப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, நியூ யார்க்னு வந்து கடைசியில 'ஃபாரின்'. அதுல பாரிசுக்கும் வெனிசுக்கும் நடுவுல அப்பப்ப ஒரு சிலோன் தலை காட்டும். நான் சேர்க்கிறது அதை மட்டும்தான். இதுவரைக்கும் நாற்பத்தொரு அட்டை. விலை ரெண்டு டாலர்லேர்ந்து பன்னெண்டு டாலர் வரைக்கும். ஸ்டூடண்ட் பட்ஜெட்டுக்கு அதுக்கு மேல தாங்காது.

சிலோன் அட்டைக்கு டெக்ஸாஸ்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. 1869ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஆஸ்திரியா-ஹங்கேரியில உலகத்தோட முதல் அஞ்சலட்டை வெளியாச்சு. அடுத்த மாசமே சூயஸ் கால்வாய் திறந்துச்சு. கால்வாய் வழியா கிழக்கே போற கப்பல்கள் நிலக்கரி ஏத்த கொழும்புல நிக்கும். பயணிகள் கரையிறங்கி ஊர் சுத்துவாங்க. அவங்களுக்குப் படம் விக்கிறதுக்குன்னே ஸ்டூடியோக்கள் இருந்துச்சு. பிளாட்டே தம்பதி 1890ல கொழும்புல ஆரம்பிச்ச கம்பெனி அதுல பெரிய பேரு. ஸ்கீன் கம்பெனியும், கொழும்பு அபோதிகரீஸும் அட்டை போட்டாங்க. இந்தக் காலத்து அட்டைகள்ல நிறைய ஜெர்மனியில அச்சானவை. முதல் உலகப் போர் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துருச்சு.

இந்தப் பக்கம் அமெரிக்காவுல அட்டை பைத்தியம் தலைக்கேறி இருந்த காலம் அது. 1908ஓட முடிஞ்ச ஒரே வருஷத்துல இங்கே தபால்ல போன அஞ்சலட்டை 67 கோடிக்கு மேல. எல்லா வீட்டு வரவேற்பறையிலும் போட்டோ ஆல்பம் மாதிரி ஒரு அட்டை ஆல்பம். தாத்தா பாட்டி போனதும் பேரன் பேத்திகள் ஆல்பத்தைப் பிரிச்சு மொத்தமா வித்துடுறாங்க. அப்படித்தான் நுவரெலியா, ரவுண்ட் ராக் வந்து சேருது.

சேர்க்க ஆசை இருக்கிறவங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அட்டையைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் நடுவுல கோடு இல்லாம, விலாசத்துக்கு மட்டும் இடம் இருந்தா அது ரொம்பப் பழசு. கோடு போட்டு ஒரு பாதியில செய்தி எழுதலாம்னு பிரிட்டன்ல 1902லயும் அமெரிக்காவுல 1907லயும்தான் அனுமதிச்சாங்க. அதுக்கு முன்னாடி செய்தியைப் படத்தோட ஓரத்துலயே கிறுக்கணும். ஸ்டாம்ப்புல தாடி வெச்ச ஏழாம் எட்வர்டு இருந்தா 1901லேர்ந்து 1910க்குள்ள பதவியில இருந்தவர் அவர்; ஐந்தாம் ஜார்ஜ்னா அதுக்கு அப்புறம். நாட்டுப் பேர் 'ஸ்ரீலங்கா'ன்னு அச்சாகியிருந்தா 1972க்குப் பிந்தினது. பி.வி.சி. உறையில போடாதீங்க, நாளாக ஆக அட்டையைக் கெடுத்துடும். பாலிப்ரொப்பிலீன் உறை மலிவாவே கிடைக்குது.

சரி, இனிமேதான் விஷயம்.

என்கிட்ட இருக்கிற அட்டைகள்ல என்னென்ன இருக்கு? கால் ஃபேஸ் ஹோட்டல், கண்டி தலதா மாளிகை, குளிக்கிற யானை, தென்னை மரம், அப்புறம் தேயிலைத் தோட்டம். ஹோட்டலுக்குக் கீழே பேர் போட்டிருக்கு. ஏரிக்குப் பேர் இருக்கு. ரோட்டுக்குக்கூடப் பேர் இருக்கு. தோட்டத்துல நிக்கிற மனுஷிக்கு மட்டும் 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி', 'தேயிலை பறிப்பவள்'. அவ்வளவுதான். பெரிய கலைஞர்கள் எடுத்த படத்துலயும் இதே கதைதான். ஜூலியா மார்கரெட் கேமரன், புகைப்பட வரலாற்றுல தவிர்க்க முடியாத பேரு, கடைசிக் காலத்துல சிலோன்ல இருந்து 1879ல அங்கேயே இறந்தவங்க. தோட்டத்து ஆட்களையும் படம் எடுத்திருக்காங்க. அதுலயும் பெரும்பாலானவங்க பேர் நமக்குத் தெரியாது.

இந்தப் 'பேர் இல்லாதவங்க' எனக்கு அந்நியம் இல்லை. என் அம்மாயி நுவரெலியா பக்கத்துத் தோட்டத்துல பிறந்தவங்க. ஜேம்ஸ் டெய்லர் 1867ல லூல்கந்துரவுல 19 ஏக்கர்ல தேயிலை போட்டார்னு எல்லாரும் படிச்சிருப்போம். காப்பியை நோய் தின்னு தீர்த்த பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆச்சு. அதுக்குக் கை வேணும்னு கங்காணிங்க திருச்சி, புதுக்கோட்டை, சேலம்னு போய் ஆள் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அப்படிப் போனது எங்க குடும்பம்.

1948ல வந்த குடியுரிமைச் சட்டம் இவங்கள்ல ஏழு லட்சம் பேர் அளவுக்கு நாடற்றவங்களா ஆக்கிச்சு. 1964ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்! 1974ல அதையும் சரிபாதியாப் பிரிச்சாங்க. தலைமன்னார்ல 'ராமானுஜம்' கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம் வழியா அம்மாயி கோத்தகிரி வந்து சேர்ந்தாங்க. இங்கேயும் தேயிலைதான். அவங்க கொண்டு வந்த ஒரே போட்டோ பாஸ்போர்ட்டுல ஒட்டினது. அவங்க அம்மாவோட படம் ஒண்ணுகூடக் கிடையாது.

போன பொங்கல் அன்னிக்கு வீடியோ கால்ல, தேயிலைக்காரப் பெண் அட்டையைக் கேமரா முன்னாடி காட்டினேன். பழைய ஊர்ப் படம்னு கண்கலங்குவாங்கன்னு நினைச்சா, அம்மாயி கண்ணாடியை மாட்டிக்கிட்டு கணக்குப்பிள்ளை மாதிரி ஆராய ஆரம்பிச்சுட்டாங்க.

"இந்தப் புள்ள இடுப்புல படங்கைக் காணோம் பாரு. படங்கு கட்டாம செடிக்குள்ள போனா சேலை நாரா கிழிஞ்சுடும். காதுலயும் கழுத்துலயும் இம்புட்டு நகையைப் போட்டுக்கிட்டு யாருடா மலைக்குப் போவா? போட்டோக்காரன் நிப்பாட்டுன ஆளு."

"அப்போ பொய்யா அம்மாயி?"

"எல்லாம் பொய் இல்ல. கூடைக் கயித்தை உச்சந்தலையில எப்படிப் போட்டிருக்கா பாரு, அது நெசம். அது கொழுந்து எடுத்தவளுக்குத்தான் வரும். ஆமா, இவ பேரு என்னா?"

"போடல அம்மாயி. தமிழ்ப் பெண்ணுன்னு மட்டும் இருக்கு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே. செக்ரோல்ல எழுதினானுங்கல்ல?"

யோசிச்சுப் பார்த்தா அதுதான் உண்மை. சம்பளம் போட செக்ரோல்ல பேர் வேணும், அதனால எழுதினாங்க. அட்டை விக்கப் பேர் தேவைப்படல. வாங்கினவங்களுக்கு வெயில், மலை, கூடை, ஒரு சிரிப்பு போதும். நாளைக்கு இவங்க பேத்தி தேடி வருவான்னு யாரும் நினைக்கல.

இந்த அட்டைகளை அழகுன்னு ரசிக்கவும் எனக்கு முழுசா முடியல, அவமானம்னு தூக்கிப் போடவும் மனசு வரல. போஸ் கொடுக்க வெச்ச படம்தான். ஆனா மலையகத்து நிறைய குடும்பங்களுக்கு நூறு வருஷத்துக்கு முந்தின முகம் வேற எங்கேயும் இல்லை. அந்தக் கை, அந்தக் கயிறு, பின்னாடி மங்கலாத் தெரியிற லயன் வரிசை, இதெல்லாம் போட்டோக்காரன் கேட்காமலே அட்டைக்குள்ள வந்து உட்கார்ந்துட்ட சாட்சிகள்.

அதனால இப்போ ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். ஒவ்வொரு அட்டையையும் ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி ஊருக்கு அனுப்புறேன். அம்மாயியும் அவங்க லைன்ல இருக்கிற இன்னும் ரெண்டு பாட்டிகளும் பார்த்துச் சொல்றதை ஒரு தாளில் எழுதி அட்டையோட அதே உறைக்குள்ள வைக்கிறேன். இதுவரைக்கும் படங்கு, மட்டக்கம்பு, பெரட்டுக் களம்னு பதினாறு தாள் சேர்ந்திருக்கு. அட்டை மேல மட்டும் எதுவும் எழுதுறதில்லை.

உங்க வீட்டுல மலையகத்துலேர்ந்தோ, பர்மாவிலேர்ந்தோ, மலாயாவிலேர்ந்தோ வந்த பெரியவங்க இருந்தா ஒரு உதவி பண்ணுங்க மக்கா. பழைய குரூப் போட்டோ எதுவா இருந்தாலும் எடுத்து, நிக்கிறவங்க யார் யாருன்னு இன்னிக்கே கேட்டு, தனித் தாளில் இடமிருந்து வலமா எழுதி வைங்க. அம்மாயிக்கு இப்போ எண்பது. நான் இன்னும் இருபத்தஞ்சு அட்டைக்குக் கேட்டு முடிக்கணும்.